‘யெஸ்’ என்றால் ‘வேண்டாம்’ ஆகுமா? வங்கி ஆங்கிலத்தில் பணிவும் சுருக்கமும்

முதிர்வு நாளை நெருங்கும் வைப்புத்தொகை ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் உரையாடல் நடைபெறுகிறது. மறுமுனையில் பேசும் அலுவலர், “டோன்ட் யூ வான்ட் டு ரின்யூ தி டெபாசிட்?” என்று வினவுகிறார். வைப்பைப் புதுப்பிக்க விருப்பமில்லையா என்பது வினா. வாடிக்கையாளர் தமிழில் சிந்திக்கிறார். ‘ஆமாம், விருப்பமில்லை’ என்று மனத்துள் விடை எழுகிறது. அவ்விடையின் முதற்சொல்லை மட்டும் ஆங்கிலமாக்கி, “யெஸ்” என்கிறார். நன்றி கூறி இருவரும் தொலைபேசியை வைக்கின்றனர்.

ஆங்கில வழக்கின்படி அந்த ‘யெஸ்’ தரும் பொருள், ‘ஆம், புதுப்பிக்க விரும்புகிறேன்’ என்பதாகும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய தொகை மேலும் ஓராண்டுக்கு வைப்பில் அமர்ந்துவிடுகிறது. முதிர்வுக்கு முன் அதனை எடுக்க முற்பட்டால் வட்டியில் ஒரு பகுதியை இழக்க நேரலாம். இவ்வுரையாடலை எடுத்துக்காட்டாக நாமே அமைத்தோம். ஆயினும், இருதரப்பும் மரியாதையுடன் பேசி, இருதரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும் இந்நிலை வங்கியில் பணிபுரிவோருக்கும் வங்கிக்கு வருவோருக்கும் புதிதன்று. ஆதலால் இம்மாதப் பாடத்தில் வங்கித் தொடர்புக்குரிய ஆங்கிலத்தின் இரு கூறுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று பணிவுச் சொற்கள். மற்றொன்று ‘டோன்ட்’, ‘கான்ட்’ போன்ற சுருக்க வடிவங்கள்.

பெங்களூரு வாசகர்களுக்கு இப்பாடம் ஏன் மிகுதியாகப் பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஹலசூரை ஒட்டிப் படைப்பாளையம் அமைத்தபோது, அதனைச் சார்ந்து வந்து குடியேறியோருள் தமிழர் மிகப் பலர். கன்னடம் வழங்கிய பழைய பேட்டை ஒருபுறமும், தமிழும் ஆங்கிலமும் மிகுந்து ஒலித்த கண்டோன்மெண்ட் மறுபுறமுமாக இரு நகரங்கள் அருகருகே வளர்ந்து, 1949ஆம் ஆண்டில்தான் ஒரே மாநகராட்சியாயின. இன்றும் இந்நகரத் தமிழர் பலர் கன்னடத்தைச் சரளமாகப் பேசுகின்றனர். ஆனால் கன்னடத்தில் எழுதிப் பழகியவர் குறைவு. வங்கிப் படிவங்களோ ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய மூன்றில் அமைகின்றன. இம்மாநிலத்தில் அம்மூன்றாவது மொழி கன்னடம். எனவே பேச்சு கன்னடத்தில் நடந்தாலும், கையெழுத்திடும் தாள் ஆங்கிலத்தில் அமைந்துவிடுகிறது. தவறு நேரும் இடமும் அந்தத் தாள்தான்.

முதலில் அந்த ‘யெஸ்’ஸை முடித்துவிடுவோம். எதிர்மறையாகக் கேட்கப்படும் வினாவுக்குத் தமிழர் விடையளிக்கும்போது, கேட்டவரின் கூற்று சரியா தவறா என்பதையே முதலில் சொல்கிறோம். ‘நீங்கள் நேற்று வரவில்லையா?’ என்றால், ‘ஆமாம், வரவில்லை’ என்கிறோம். ஆங்கிலம் கேட்டவரின் கூற்றைப் பொருட்படுத்துவதில்லை. செயல் நடந்ததா இல்லையா என்பதை மட்டும் நோக்குகிறது. வரவில்லையெனில், வினா எப்படி அமைந்தாலும் விடை ‘நோ’ தான், வந்திருந்தால் ‘யெஸ்’. இதில் தமிழ் தவறு, ஆங்கிலம் சரி என்பதற்கு இடமில்லை. ஜப்பானியரும் நம்மைப் போலவே விடையளிக்கின்றனர். பிரெஞ்சு மொழியில், எதிர்மறை வினாவை மறுத்து ‘இல்லை, வந்தேன்’ என்று சொல்வதற்கென்றே ‘சி’ என்னும் தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் இவ்வேறுபாடு இருந்தது. நேர்வினாவுக்கு ‘யே’, ‘நே’ என்றும், எதிர்மறை வினாவுக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்றும் நான்கு சொற்கள் வழங்கின. பதினாறாம் நூற்றாண்டில் தாமஸ் மோர், தம் எதிர்ப்பாளரான டிண்டேல் இச்சொற்களை மாற்றிப் பயன்படுத்தினார் என்று கண்டித்து எழுதியதும் உண்டு. பின்னர் இரு சொற்கள் வழக்கொழிந்து இரண்டு மட்டும் எஞ்சின. எஞ்சிய அவ்விரண்டே நமக்கு இடர் தருகின்றன.

இதற்கு மாற்று எளிது. பணம் தொடர்பான எந்த வினாவுக்கும் ‘யெஸ்’, ‘நோ’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தற்க. “நோ, ஐ டூ நாட் வான்ட் டு ரின்யூ இட்” என்றோ, அதனினும் தெளிவாக, “ப்ளீஸ் கிரெடிட் தி அமௌன்ட் டு மை சேவிங்ஸ் அக்கௌன்ட்” என்றோ முழுத் தொடராகச் சொல்லுக. வினவும் பொறுப்பிலிருக்கும் நம் வங்கி அலுவலர்களுக்கும் இது பொருந்தும். எதிர்மறையில் வினவாமல், ‘புதுப்பிக்கவா, சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவா?’ என்று இரு வழிகளையும் சொல்லிக் கேட்பதே நலம்.

இனிப் பணிவுக்கு வருவோம். ‘தா’, ‘தாருங்கள்’, ‘தாருங்களேன்’, ‘தர இயலுமா’ என்னும் நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பணிவு படிப்படியாக ஏறுகிறது; ஆனால் ‘தயவுசெய்து’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் ஈற்றிலேயே குடியிருக்கிறது. ‘தயவுசெய்து’ என்பதை அறிவிப்புப் பலகைகளிலும் விண்ணப்பங்களிலும் காண்கிறோமேயன்றி, அண்டை வீட்டாரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கும்போது அதனை ஆள்வதில்லை. கன்னடமும் இவ்வகையில் நமக்கு உடன்பிறப்பே. பெங்களூருப் பேருந்தில் நாள்தோறும் காதில் விழும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்னும் தொடரில், ‘மாடு’ என்னாமல் ‘மாடி’ என்று முடிவதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ‘ஸ்வல்ப’ என்பது நம் ‘கொஞ்சம்’ செய்யும் பணியைச் செய்கிறது. இடையில் நிற்கும் ஆங்கிலச் சொல்லுக்குக்கூட அங்கே கன்னடப் பணிவு வாய்த்துவிடுகிறது!

ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய ஈறு இல்லை. ‘கிவ்’ என்றால் குழந்தைக்கும் ‘கிவ்’ தான், கிளை மேலாளருக்கும் ‘கிவ்’ தான். ஆகவே நாம் நெஞ்சார்ந்த மரியாதையுடன் ‘அறிக்கை தாருங்கள்’ என்று எண்ணி, அதனை ‘கிவ் மீ தி ஸ்டேட்மென்ட்’ என்று சொல்லும்போது, மரியாதை முழுவதும் தமிழிலேயே தங்கிவிடுகிறது. கேட்பவர் செவிக்குக் கட்டளை மட்டுமே சென்று சேர்கிறது. ‘ஐ வான்ட் எ ஸ்டேட்மென்ட்’ என்பதும் அவ்வாறே. சொன்னவர் பணிவானவர்; சொல் பணிவற்றது. கேட்பவர் முகம் சுருங்குவது ஏன் என்று சொன்னவருக்கு விளங்குவதும் இல்லை.

ஆங்கிலம் இக்குறையை இரண்டு வழிகளில் ஈடுசெய்கிறது. முதல் வழி, கட்டளையை வினாவாக்குவது. இரண்டாவது, நிகழ்காலத்தை விடுத்து இறந்தகால வடிவத்தை எடுப்பது. ‘கேன் யூ’ என்பதினும் ‘குட் யூ’ பணிவு மிக்கது. ‘வில் யூ’ என்பதினும் ‘உட் யூ’ பணிவு மிக்கது. ‘ஐ வான்ட்’ என்பதன் இடத்தில் ‘ஐ உட் லைக்’ நிற்கிறது. நடக்கவிருக்கும் செயலுக்கு இறந்தகாலம் எதற்கு என்று வாசகர் சிலர் வினவுவர். நாமும் அப்படிச் செய்வதுண்டு. ‘ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று வாசலில் நின்று சொல்கிறோமல்லவா? வந்து நின்றுகொண்டே ‘வந்தேன்’ என்கிறோம். வேண்டுகோளைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, மறுக்கவும் இடம் கொடுக்கும் நாகரிகம் அது. ‘ப்ளீஸ்’ என்னும் சொல்லே ‘இஃப் இட் ப்ளீஸ் யூ’, அதாவது ‘உமக்கு விருப்பமாயின்’ என்னும் நெடுந்தொடரின் எச்சமாகும்.

‘உட் யூ மைண்ட்’ என்று தொடங்கும் வினாவில் மட்டும் விழிப்பு வேண்டும். “உட் யூ மைண்ட் வெய்ட்டிங்?” என்பதன் நேர்ப்பொருள், ‘காத்திருப்பதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?’ என்பதாகும். காத்திருக்க உடன்படுகிறவர் ‘யெஸ்’ என்று சொன்னால், ‘ஆம், மறுப்பு உண்டு’ என்றாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்பதே உரிய விடை. முன்னர்க் கண்ட எதிர்மறை வினாவின் உறவினர்தான் இதுவும்.

கடிதங்களில் இந்தியரின் தனிச்சொத்தாகிவிட்ட சில தொடர்கள் உண்டு. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ அவற்றுள் தலையாயது. இது நம்மவர் பிழையாகப் படைத்ததன்று. பிரித்தானியரின் அலுவலக, வணிகக் கடிதங்களில் முற்காலத்தில் வழங்கியதே. அங்கே அது மறைந்துவிட்டது. இங்கே ஓய்வூதிய விண்ணப்பங்கள் வரை உயிருடன் உலவுகிறது. அதனை இழிவாகக் கருதுவோருடன் நாம் உடன்படவில்லை. எமது குறை வேறு. ‘ஆவன செய்க’ என்று முடிக்கும்போது, செய்ய வேண்டியது யாது என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். பற்று அட்டை தொலைந்தது என்று எழுதி, ‘நீட்ஃபுல்’ செய்யுமாறு வேண்டினால், அட்டையை முடக்குவதா, புதிய அட்டை அனுப்புவதா, இரண்டுமா? “ப்ளீஸ் பிளாக் மை கார்டு அண்ட் இஷ்யூ எ நியூ ஒன்” என்னும் தொடர் அளவில் சற்று நீளமானதுதான்; ஆனால் அலுவலர் ஐயுறுவதற்கு அதில் இடமில்லை. ‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’ இரண்டையும் சேர்த்து எழுதுவதும் வேண்டியதில்லை. ஒன்று போதும்.

‘ரெவெர்ட்’ என்பதை இந்நாட்டில் ‘மறுமொழி தருக’ என்னும் பொருளில் ஆள்கிறோம். முன்னிருந்த நிலைக்குத் திரும்புதல் என்பதே அகராதிகள் முதலிற் கூறும் பொருள். பணப் பரிமாற்றம் ஒன்றைக் குறிப்பிட்டு, ‘ப்ளீஸ் ரெவெர்ட்’ என்று மட்டும் எழுதினால், பதில் கேட்கிறீர்களா, பரிமாற்றத்தைத் திருப்பச் சொல்கிறீர்களா என்னும் குழப்பம் எழக்கூடும். ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்பது எத்துணை எளிது! ‘டவுட்’ என்ற சொல்லும் அத்தகையதே. விளக்கம் வேண்டுமெனில் ‘க்வெஸ்ச்சன்’ என்க. கணக்கில் ஒரு பதிவைக் குறித்து ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதினால், அப்பதிவு பொய்யென ஐயுறுகிறீர் என்று வெளிநாட்டார் பொருள்கொள்வர்.

கடித முடிவைப் பற்றிய வினாக்கள் எப்போதும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பெயர் குறிப்பிடாது ‘டியர் சர்’ அல்லது ‘டியர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயரிட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்ஸியர்லி’. ‘யுவர்ஸ்’ என்பதில் மேற்குறி ஏதும் வராது.

மேற்குறி வரும் சொற்களே நம் இரண்டாம் பகுதி. ‘டூ நாட்’ என்பது ‘டோன்ட்’ ஆவதும், ‘ஐ உட்’ என்பது ‘ஐட்’ ஆவதும் பேச்சின் விரைவினால் நிகழ்வன. ‘போய்விட்டது’ என்பதைப் ‘போயிடுச்சு’ என்று நாமும் சுருக்குகிறோம். எனினும் கிளை மேலாளருக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘கார்டு தொலைஞ்சு போயிடுச்சு’ என்று எழுதுவதில்லை. அந்த உணர்வையே ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்க. பேசும்போது சுருக்கம் இயல்பு. சுருக்காமல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசினால் சினங்கொண்டு பேசுவதுபோல் தோன்றவும் கூடும். முறையான கடிதத்தில் முழுவடிவம் நன்று.

சுருக்கங்களை வெறுத்தோர் ஆங்கிலேயரிடையேயும் இருந்தனர். 1710ஆம் ஆண்டில் லண்டனின் ‘டாட்லர்’ இதழில் ஜொனாதன் ஸ்விஃப்ட் இவற்றைக் கடிந்து எழுதினார். அவர் கடிந்தும் ‘டோன்ட்’ நிலைத்துவிட்டது. ‘வில் நாட்’ என்பது ‘வில்ன்ட்’ ஆகாமல் ‘வோன்ட்’ ஆனது ஏன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ‘வில்’ என்பதற்கு முற்காலத்தில் ‘வோல்’ என்றொரு வடிவம் இருந்தது. சுருக்கம் அதிலிருந்து பிறந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘குட்பை’ கூட ‘காட் பி வித் யே’, அதாவது ‘இறைவன் உம்மோடிருப்பாராக’ என்பதன் சுருக்கமே.

வங்கித் தொடர்பில் மிகுந்த இடர் தருவது ‘கான்ட்’. பிரித்தானிய ஒலிப்பில் ‘கேன்’, ‘கான்ட்’ என்று உயிரொலியே மாறிவிடுவதால் குழப்பமில்லை. அமெரிக்க ஒலிப்பில் ‘கேன்’, ‘கேன்ட்’ என்று ஈற்றிலுள்ள ஒரு மெய் மட்டுமே வேறுபாடு. விரைந்த பேச்சில் அதுவும் பாதி விழுங்கப்படும். வாகன இரைச்சலுக்கு நடுவே ரிச்மண்ட் சாலையில் நின்றுகொண்டு கைப்பேசியில் பேசுகிறவருக்கு, ‘இயலும்’ என்பதும் ‘இயலாது’ என்பதும் ஒன்றாகவே கேட்கும். பணம் தொடர்பான பேச்சில் ‘கேன் நாட்’ என்று பிரித்துச் சொல்க, பிறர் சொன்னதில் ஐயம் எழுந்தால், “டூ யூ மீன் இட் இஸ் நாட் பாஸிபிள்?” என்று கேட்டு உறுதிசெய்துகொள்க. திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

‘நீடன்ட்’, ‘மஸ்ன்ட்’ ஆகிய இரண்டின் வேறுபாடும் இன்றியமையாதது. ‘நீட் நாட்’ என்றால் செய்யத் தேவையில்லை, செய்தாலும் குற்றமில்லை. ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யவே கூடாது. தமிழில் ‘வேண்டாம்’ என்னும் ஒரே சொல் சில இடங்களில் இரண்டையும் சுமப்பதால் மயக்கம் நேர்கிறது. ‘நேரில் வர வேண்டாம்’ என்பது முதல் வகை. ‘கடவுச்சொல்லை எவரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று நாம் எழுதும்போது கருதுவது இரண்டாம் வகை; அங்கே ‘கூடாது’ என்பதே பொருள். வங்கியின் ஆங்கில அறிவிப்பில் இவ்விரண்டில் எது உள்ளது என்று நின்று படிக்க வேண்டும்.

எழுத்தில் சுருக்கத்தை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம் என்பதற்குக் காசோலையே நல்ல சான்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொகை எண்ணால் ஒருவிதமாகவும் எழுத்தால் வேறுவிதமாகவும் அமையுமாயின், எழுத்தால் அமைந்ததே தொகை என்கிறது. ஓர் இலக்கத்தில் ஒரு சுழியம் எளிதில் கூடிவிடும், குறைந்துவிடும். முழுச் சொல்லை அவ்வளவு எளிதில் திரிக்க இயலாது. ‘டோன்ட் ரின்யூ’ என்பதில் ஒரு சிறு மேற்குறியும் ஓரிரு எழுத்தும் மங்கினால் பொருள் தலைகீழாகும். ‘டூ நாட் ரின்யூ’ என்பதில் ‘நாட்’ தனித்து நிற்கிறது.

இறுதியாக, பணிவு நமக்கே பகையாகும் ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். மோசடிக்காரரின் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் கடுமையாகத் தொடங்குவதில்லை. ‘டியர் கஸ்டமர்’, ‘கைண்ட்லி அப்டேட் யுவர் கே.ஒய்.சி.’, ‘சர், ப்ளீஸ் கோஆப்பரேட்’ என்று இனிமையாகவே வருகின்றன. பேசிக்கொண்டிருப்பவரை இடையில் துண்டிப்பது நாகரிகமன்று என்று வளர்ந்தவர்கள் நாம், அதிலும் முதியோர். அந்தத் தயக்கம் நீளும் நிமிடங்களில்தான் ஒருமுறைக் கடவுச்சொல் கைமாறுகிறது. ‘ஐ ஆம் ஸாரி, பட்’ என்று தொடங்கினால் எதிராளி அந்த ‘பட்’டைப் பிடித்துக்கொண்டு மேலும் பேசுவார். மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். “நோ. ஐ வில் கான்டாக்ட் மை பிராஞ்ச்” என்னும் இரு தொடர்கள் போதும். இவற்றைத் தொலைபேசிக்கு அருகில் ஒரு தாளில் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆங்கிலம் அறியாத பெரியோர் இருப்பின், இரண்டொரு முறை சொல்லிப் பழகச் செய்யலாம். சொல்லி முடித்தவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதாயின், இணையவழிக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930. அங்கும் வங்கிக் கிளையிலும் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும்.